மைதா சொன்ன அளவு

வண்டியில் வேகம் வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கேம்ஷாஃப்டைத்தான். உள்ளே நுழைந்ததும் செல்போனை நீட்டுவார்கள். யாரோ எங்கேயோ ஒரு காரை நிறுத்திவைத்து உறுமவிடுகிற படம் ஓடும். "இந்தச் சத்தம் வரணும் அண்ணாச்சி, செலவு மட்டும் பாத்துச் செய்ங்க" என்பார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் வேலை பார்க்கப் புதிதாக வந்திருக்கும் நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கப் போகிறீர்கள்.

நான் விருதுநகர்க் கடையைக் காளியப்பனிடம் விட்டுவிட்டு ஓய்ந்து உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. என்னோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் அவன். "புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க அண்ணாச்சி. நீங்க பேசுனதை நான் திருப்பிச் சொன்னா உப்பில்லாம போயிருது" என்றான். அதனால்தான் இது. வால்வை எப்படித் தேய்த்து லேப்பிங் செய்வது, சீட் எப்படி வெட்டுவது என்பதெல்லாம் அவன் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுப்பான். நான் சொல்ல வந்தது, என் கையால் நடந்த ஒரு தப்பை.

அதற்கு முன் ஒரு விஷயம். கேம்ஷாஃப்ட், நம் பேச்சில் கேம், வால்வைத் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. திறக்கிற வேலைக்குச் செலவழிக்க எல்லோரும் தயார். மூடுகிற வேலைக்குத்தான் யாருக்கும் மனசு வராது. இன்ஜின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய அறுபது தடவை திறந்து மூட வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்கால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடப் பிந்தும், கீழேயிருந்து ஏறி வருகிற பிஸ்டன் அதற்காகக் காத்திருக்காது. ஆகவே கையில் இருப்பது கொஞ்சம் என்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அப்புறம் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தட்டு, லாக், வால்வு ஏறி இறங்கும் கைடு தேய்ந்திருந்தால் அது, வால்வு உட்காரும் சீட். இவ்வளவும் ஒழுங்கான பிறகு மிச்சம் இருந்தால் கேம். பெரிய வால்வு, விலையுயர்ந்த உலோகம் என்றெல்லாம் ஆசை காட்டுவார்கள். அதெல்லாம் கடைசிப் பந்தி.

ஸ்பிரிங்கிலும் முரட்டு ஸ்பிரிங்தான் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். ஒரு வாடகைக் கார்க்காரருக்கு லோடு வண்டியின் ஸ்பிரிங்கைப் பொருத்திக் கொடுத்தேன். ஒரே கோடையில் அது கேமின் மூக்கைத் தேய்த்து மொட்டையாக்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "செருப்பு கடிக்குதுன்னு வந்தேன், நீங்க இரும்புல செருப்புத் தச்சுக் குடுத்துட்டீக" என்று மட்டும் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். இந்த மாதிரி ஆட்கள் சொன்ன வார்த்தைகள்தான் எனக்குப் பாடப்புத்தகம்.

இனி கணேசமூர்த்தி கதைக்கு வருகிறேன்.

கணேசமூர்த்திக்கு அப்போது இருபத்தேழு வயது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். அவனிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. ஆயிரத்து முந்நூறு சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, எல்லாவற்றையும் திறக்க ஹெட்டில் ஒரே கேம். அந்தக் காரை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பந்தயத் தடத்தில் நேர ஓட்டம் ஓடுவான். ஒவ்வொருவராகத் தடத்தைச் சுற்றி வர வேண்டும், நேரம்தான் கணக்கு. கேட்பாரில்லாத ஆளாகப் போய் வந்துகொண்டிருந்தவனை அங்கே ஒரு அணிக்காரர்கள் கவனித்துவிட்டார்கள். அடுத்த சீசனில் தங்கள் காரை ஓட்ட ஒரே ஒரு ஆள் அவர்களுக்குத் தேவை. "இந்த ஞாயித்துக்கிழமை மூணு ஓட்டத்தையும் உன் வண்டியிலயே முடிச்சுக் காட்டு. நடுவுல நின்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தார்கள்.

"ஜெயிக்கணும்னு சொல்லல அண்ணாச்சி, முடிக்கணும்னு சொல்லியிருக்காக" என்றான். "ஆனா கடைசியா முடிச்சா யாரு கூப்பிடுவா? அதான் கேமும் வாங்கிட்டு வந்துட்டேன்."

எண்ணெய் தடவிய தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். வேறொரு பழைய கேமை மறுபடி அரைத்து, வால்வை இன்னும் அதிகமாகவும் இன்னும் நெடுநேரமும் திறக்கும்படி உருவத்தை மாற்றியது. புதுக் கேமில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும். குறைந்த செலவுக்காரர்களுக்கு நல்ல வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன். அரைத்த கை சுத்தமாகவும் இருந்தது. நான் என் பங்குக்கு ஸ்பிரிங், தட்டு, லாக் எல்லாம் மாற்றச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினோம். அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

கேமை மாற்றினால் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வால்வு கீழே இறங்கி நிற்கும்போது பிஸ்டன் மேலே வரும். இரண்டும் தொடாமல் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு இரண்டு மில்லிமீட்டர், புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இரண்டரை மில்லிமீட்டர். எங்கள் கடையில் அதற்குக் கீழே போனால் கட்ட மாட்டோம். பிஸ்டன் தலையில் மெத்தென்று ஏதாவது ஒரு பொருளை அப்பி, ஹெட்டைப் பூட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றினால் வால்வு அழுத்திய பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தின் அடியில் மிச்சமிருக்கும் கனம்தான் இடைவெளி. மற்ற ஊர்க்காரர்கள் இதற்குப் பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை வாங்குவார்கள்.

எங்கள் கடையில் மைதா.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் மைதாதான். வெடிக்குழாய் சுருட்ட மைதாப் பசை, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட மைதாப் பசை, சாயங்காலம் பசித்தால் பரோட்டா. என்னிடம் ஆரம்பத்தில் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். களிமண் வாங்கி வரச் சொன்னால், "எதுக்கு அண்ணாச்சி, வீட்டுல மைதா இருக்கு" என்று ஒருவன் கெட்டியாகப் பிசைந்து கொண்டுவந்தான். மண் இல்லை, பிசுக்கு இல்லை. ஒரு துணுக்கு உள்ளே விழுந்துவிட்டாலும் எரிந்து போய்விடும். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. வருடக்கணக்கில் ஒரு இன்ஜின்கூட அதனால் கெடவில்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு வியந்து போனபோது நான் மீசையைத் தடவிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

வியாழக்கிழமை காலை. மறுநாள் விடிந்ததும் காரை ஏற்றிப் போக வண்டி சொல்லியாயிற்று. காளியப்பன் மைதாவை அப்பி, ஹெட்டைப் பூட்டி, சுற்றி, கழற்றினான். கழற்றி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. பிளேடால் மாவைக் குறுக்கே வெட்டி வெர்னியரை வைத்தேன். இன்லெட் இரண்டு புள்ளி இரண்டு, எக்ஸாஸ்ட் இரண்டு புள்ளி ஆறு. சாக்பீஸால் சுவரில் பெரிதாக எழுதினேன்.

"கட்டிடலாம்" என்றேன்.

கணேசமூர்த்தி அந்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

மேற்கே மேகம் கறுத்து இடி உருண்டுகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய அக்கா முத்துலட்சுமி சோற்று வாளியோடு வந்தாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய் சுருட்டும் பிரிவில் வேலை. அவள் வீட்டுக்காரர் சாத்தூரில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். கம்பெனி விட்டு வந்ததும் கடைக்கு மாவு பிசைவது இவள்தான்.

"என்னம்மா, வேலைக்குப் போகலையா?"

"இடி இடிச்சா எங்கள உள்ள வச்சிருப்பாகளா அண்ணாச்சி? பத்து மணிக்கே அனுப்பிட்டாக. நாளைக்கு இவன் போறானே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்." தம்பியைப் பார்த்து, "ஏலே, சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்கு?" என்றாள்.

"சந்தோசத்துல இருக்கேன் அக்கா. ரெண்டு புள்ளி ஆறு!"

"என்னது அது, காய்ச்சலா?"

காளியப்பன் சிரித்துக்கொண்டே அவளுக்கு விளக்கினான். மேசைமேல் கிடந்த மாவு வில்லையையும் காட்டினான். அவள் வில்லையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் மிச்சமாகக் கிடந்த மாவு உருண்டையைத்தான் கையில் எடுத்தாள். எடுத்தவள் இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாப் பிசைஞ்சிருக்கீக. ஊற வச்சீகளா?"

"பரோட்டாவா போடப்போறோம்?" என்றான் காளியப்பன்.

"இல்ல, கேக்கேன். ஊறாத மாவை எங்கன அழுத்துனாலும் அங்கன நிக்காது. எந்திரிச்சுக்கிடும். இதை வச்சா அளந்தீக?"

கணேசமூர்த்திக்கு எரிச்சல் வந்தது. "அக்கா, நீ உன் சோலியப் பாரு. அண்ணாச்சி முப்பது வருசமா அளக்காக."

"முப்பது வருசமும் மாவு மாவாத்தான இருந்திருக்கும்?"

சொல்லிவிட்டு அவள் உருண்டையை மேசையில் வைத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினாள். உடனே கையை எடுத்துவிட்டாள். நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். விரல் பதிந்த குழி முதலில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் மேலே எழும்பி வந்தது. சிறிது நேரத்தில் பாதிக் குழிகூட இல்லை.

அந்த நிமிடத்தை நான் உங்களுக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். ஒரு பொம்பளை சோற்று வாளியோடு வந்து என் கடையில் என் மேசைமேல் என் அளவைத் தப்பு என்கிறாள். வாய் நுனி வரைக்கும் ஒரு பதில் வந்தது: 'இது ரேஸ் இன்ஜின் அம்மா, பரோட்டாக் கல் இல்லை.' சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஹெட்டைப் பூட்டியிருப்போம். வண்டி விடிந்ததும் போயிருக்கும்.

ஆனால் கண் அந்தக் குழியிலேயே இருந்தது. வால்வு மாவை அழுத்துவது கண நேரம். அதற்கப்புறம் நாங்கள் போல்ட்டுகளைக் கழற்றி ஹெட்டைத் தூக்க அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் மாவு எழும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அளந்தது இடைவெளியை இல்லை, எழும்பிய மாவை. பிறகு எப்படி இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை? வழக்கமான கேம் போட்ட வண்டிகளில் இடைவெளி தாராளமாக இருக்கும். நான்கு என்று மாவு சொல்லும், நிஜத்தில் மூன்று இருக்கும், எதுவும் உரசாது. என் முறை சரியாக இருந்ததால் அந்த வண்டிகள் ஓடவில்லை. அந்த வண்டிகளுக்கு என் முறையே தேவைப்படவில்லை. ஒரு பழக்கம் ஒருநாளும் நம்மைக் கைவிட்டதில்லை என்றால், அதை ஒருநாளாவது சோதித்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டது கிடையாது.

"காளியப்பா, நோட்டுப் புத்தகக் கடையில பிள்ளைகளோட களிமண்ணு வாங்கிட்டு வா" என்றேன்.

"அண்ணாச்சி, மணி ரெண்டாகப் போகுது" என்றான் கணேசமூர்த்தி.

"ஆகட்டும்."

காளியப்பன் பச்சையும் சிவப்புமாக இரண்டு பாக்கெட் வாங்கி வந்தான். மழை பிடித்துக்கொண்டது. பச்சைக் களிமண்ணை அப்பி, வால்வில் ஒட்டாமலிருக்க எண்ணெய் தொட்டு, ஹெட்டைப் பூட்டி, பெல்ட் மாட்டிச் சுற்றினோம். முத்துலட்சுமி மட்டும் மூலையில் உட்கார்ந்து தம்பிக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "வாயத் தொற" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயதுக்காரன் கண்ணை இன்ஜினிலிருந்து எடுக்காமல் வாயைத் திறந்தான்.

ஹெட்டைத் தூக்கினோம். வெட்டி அளந்தேன். நம்பாமல் காளியப்பனை அளக்கச் சொன்னேன். இன்லெட் ஒன்று புள்ளி நாலு. எக்ஸாஸ்ட் ஒன்று புள்ளி ஒன்று.

சுவரில் எழுதியதை ஈரத்துணியால் அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதினேன்.

"காலையில நீங்கதான ரெண்டு புள்ளி ஆறுன்னீக?" கணேசமூர்த்தி காலையில் எடுத்த போட்டோவை என் முன்னால் நீட்டினான்.

"ஆமா. நான் சொன்னது தப்பு."

அதைச் சொல்வது, இப்போது எழுதும்போது தெரிவதுபோல அவ்வளவு லேசாக இல்லை. காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான், அவனே தப்புச் செய்ததுபோல. முத்துலட்சுமி எச்சில் கையோடு எழுந்து வந்தாள்.

"ஏலே, அவுக ஒத்துக்கிட்டாகல்ல, விடு. எங்க கம்பெனியில கலவை தப்பாப் போச்சுன்னு சொல்ல ஒருத்தன் வெக்கப்பட்டா, அவனோட நிக்காது. ரூமே போயிரும்."

அவள் அதை எந்த அழுத்தமும் கொடுக்காமல் சொன்னாள், நாளைக்கு மழை வரும் என்பதுபோல. அதற்கப்புறம் எனக்கு வெட்கம் இல்லை. வேலைதான் இருந்தது.

இனி என்ன செய்வது? இந்த இடத்தில்தான் உங்களில் பல பேர் மாட்டுவீர்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தப்பு தெரிந்ததும் மனசு குறுக்கு வழிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும். எல்லாமே பார்க்க நன்றாக இருக்கும்.

காளியப்பன் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டைக் கனமாகப் போடலாம் என்றான். இடைவெளி கூடும். ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்குக் கனம் வைத்தால் அழுத்தம் செத்துப்போகும், கேம் கொடுப்பதைக் கேஸ்கட் பிடுங்கிக்கொள்ளும். வேண்டாம் என்றேன்.

"கேமைக் கொஞ்சம் முன்ன பின்ன திருப்பி வச்சா?" என்றான் கணேசமூர்த்தி. விஷயம் தெரிந்த கேள்விதான். இரண்டு கேம் இருக்கிற இன்ஜினில் தனித்தனியாகத் திருப்பலாம். இதில் ஒரே கேம். இன்லெட்டுக்கு இடம் கொடுத்தால் எக்ஸாஸ்ட்டிலிருந்து எடுக்க வேண்டும், இரண்டிலும் எடுக்க எதுவும் இல்லை. பிஸ்டன் தலையில் பள்ளம் வெட்டலாம், அதுதான் முறை. மதுரைக்குக் கொண்டுபோய் வெட்டிக் கொண்டுவர இரண்டு நாள் ஆகும்.

கடைசியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, இந்தக் கேமோடயே கட்டிக் குடுங்க. ஆறாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல முள்ளை ஏத்த மாட்டேன். ஒன்னு புள்ளி ஒன்னு இருக்குல்ல, தொடலைல்ல? எங்க அம்மா மேல சத்தியம்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் அவன் அதைத்தான் செய்யப்போவதாக நம்பினான். ஆனால் என் கடையில் நின்று சத்தியம் செய்கிறவன் ஒரு ஆள், தனக்கு முன்னால் ஓடி முடித்தவனின் நேரம் காதில் விழுந்த பிறகு வளைவில் கியர் மாற்றுகிறவன் வேறு ஆள். முதல் ஆளின் சத்தியத்தை நம்பி இரண்டாவது ஆளுக்கு இன்ஜின் கட்டக்கூடாது. கையால் மெதுவாகச் சுற்றும்போது ஒன்று புள்ளி ஒன்று. ஓட்டத்தில் எல்லாம் நீளும், வளையும், வால்வு ஒரு இமைப்பொழுது பிந்தும்.

"உங்கிட்ட என்ன கேட்டிருக்காக? ஜெயின்னா?"

"முடின்னாக."

"அப்ப வண்டியில இருந்த பழைய கேமையே போடுவோம். ஸ்பிரிங், தட்டு, சீட்டு எல்லாம் புதுசு அப்படியே இருக்கட்டும். மேல கொஞ்சம் மூச்சு குறையும். ஆனா எந்த ரெவ்வுலயும் வால்வு நேரத்துக்கு மூடும். அதுல எம்புட்டு ஓட்ட முடியுமோ ஓட்டிட்டு வா."

"அம்புட்டுச் செலவு செஞ்சு வெறும் ஸ்பிரிங்கோடயா போறது?" என்றான்.

"ஆமா."

அவன் கேமை எடுத்துப் பழைய தாளிலேயே சுற்றினான். சுற்றிய விதத்திலேயே கோபம் தெரிந்தது. பிறகு மழையில் போய் நின்றுவிட்டான். முத்துலட்சுமி, "நனையட்டும், சூடு எறங்கும்" என்றாள்.

பழைய கேமைப் போட்டுக் களிமண்ணால் மறுபடி பார்த்தோம். இரண்டு வால்வுக்கும் எங்கள் அளவுக்கு மேல் தாராளமாகவே இருந்தது. கடை சாத்துவதற்குள் இன்ஜினைக் கட்டி ஓடவிட்டோம். செல்போன் படத்தில் வருகிற உறுமல் எதுவும் இல்லை. குடும்ப வண்டி மாதிரி அமைதியாக நின்று ஓடியது. கணேசமூர்த்தி அதைக் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. மூன்று ஓட்டத்தையும் முடித்திருந்தான். அவனுடைய பிரிவில் பதினொரு பேரில் நாலாவது. முன்னால் வந்த மூன்று பேரும் அவனைவிடப் பெரிய செலவு செய்தவர்கள். அணிக்காரர்கள் அடுத்த வாரம் வந்து பேசச் சொல்லியிருந்தார்கள். "நேர்கோட்டுல எல்லாரு நேரமும் என்னைவிடக் கம்மிதான் அண்ணாச்சி, வளைவுலதான் பிடிச்சேன்" என்றான். குரலில் நன்றியும் இருந்தது, ஒரு குறையும் இருந்தது. அந்தக் கேம் இருந்திருந்தால் இரண்டாவதாக வந்திருப்பேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையில் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒழுங்காக ஓட்டியிருந்தால் அந்த அரைத்த கேமிலேயே அவன் மூன்று ஓட்டத்தையும் முடித்திருக்கக்கூடும். பத்திரமான பக்கம் நிற்கிறவனுக்கு இது ஒரு தொந்தரவு: நடக்காமல் போன சேதத்தை யாரிடமும் எடுத்துக் காட்ட முடியாது. இந்தத் தொழிலில் நீங்கள் எடுக்கும் நல்ல முடிவுகளில் பாதிக்கு மேல், தேவையில்லாத பயம் என்றுதான் பெயர் வாங்கும். அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

கடையில் அன்றைக்கே மைதாவை நிறுத்தினேன். பழக்கம் போகாமல் காளியப்பன் ஒருநாள் மாவு டப்பாவைத் திறந்தான். பிறகு அவனே கொண்டுபோய் வீட்டில் கொடுத்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்துக் கணேசமூர்த்தி காரைக் கொண்டுவந்தான். இனி அவன் ஓட்டப்போவது அணிக்காரர்களின் வண்டி. இதைச் சாதாரணமாக ஊருக்குள் ஓட்டுகிறபடி மாற்றித் தரச் சொன்னான். முத்துலட்சுமி வீட்டுக்காரர் கடைக்குச் சாமான் எடுக்கத் தேவைப்படுகிறதாம். காளியப்பன் ஹெட்டைக் கழற்றினான். நான் வெளியே கணேசமூர்த்தியோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் வாங்க."

போனோம். பிஸ்டன் தலைகளில் வழக்கம்போலக் கரி படிந்திருந்தது. இரண்டாவது பிஸ்டனிலும் மூன்றாவது பிஸ்டனிலும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு நேர் கீழே, கரியில் பிறை வடிவில் மெல்லிய ஒரு கீற்று. நகத்தால் கீறிவிட்டது போல இருந்தது. பழைய கேம்தான், அவ்வளவு இடைவெளி விட்டுத்தான் கட்டியிருந்தோம். அப்படியும் வால்வு அந்த இடம் வரைக்கும் வந்து போயிருக்கிறது.

நான் கணேசமூர்த்தியைப் பார்த்தேன். அவன் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது ஓட்டம்" என்றான். "எனக்கு முந்தி ஓடுனவன் நேரம் சொன்னாக. அவசரத்துல நாலாவது கியர்ல போடப்போயி ரெண்டாவதுல விழுந்துருச்சு. முள்ளு எட்டாயிரத்தைத் தாண்டி நின்னுச்சு அண்ணாச்சி. கிளச்சை மிதிக்கிறதுக்குள்ள… யாருட்டயும் சொல்லல. அக்காட்டகூடச் சொல்லல."

காளியப்பன் என்னைப் பார்த்தான்.

"அந்தக் கேம் இருந்திருந்தா?" என்று கணேசமூர்த்தியே கேட்டான்.

மேசைமேல் கிடந்த துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் குனிந்து மூன்றாவது பிஸ்டனின் கீற்றைத் துடைத்தான். கரி துணியோடு வந்துவிட்டது. அடியில் அலுமினியம் ஒரு கீறல்கூட இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. அவன் இரண்டாவது பிஸ்டனையும் துடைத்தான். பிறகு, தேவையே இல்லாமல், முதலாவதையும் நாலாவதையும் துடைத்தான்.